மாத்திரை எழுதும் முன்

“யாருடி அவன்?”

பன்னீர்செல்வம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

சுபாஷ்ரீக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எவன் நைனா?”

“நடிக்காத. நாலு ஆள் சோறு துன்ற, ஒடம்பு குச்சியாப் பூடுச்சி. ராவெல்லாம் பொட்டுத் தூக்கம் கெடையாது. டம்ளரப் புடிச்சா கை நடுங்குது. எதுனா கேட்டா கண்ண உருட்டிக்கினு மேல வுழுந்து புடுங்கற. இதெல்லாம் எதுல போய் நிக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒருத்தியப் பாத்தவன்தான நான்!”

காதலாவது கத்தரிக்காயாவது என்று சிரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் அழுகைதான் வந்தது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அழுகைதான்.

அம்மா கோவிந்தம்மாள் பெண்ணுக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும், “கெளம்பு, உத்திரமேரூர்ல டாக்டரம்மாவப் பாத்துட்டு வருவோம்” என்றாள்.

“டாக்டரா? எதுக்கு?”

“பேசாம வா.”

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சுபாஷ்ரீக்கு அது உறைத்தது. அப்பாவாவது யார் என்று கேட்டார். அம்மா வேறு எதையோ சந்தேகப்பட்டு, டாக்டரிடமே காட்டி உறுதி செய்துகொள்ளப் பார்க்கிறாள்! உடம்பெல்லாம் கூசியது. இருபத்திரண்டு வருஷம் வளர்த்தவளுக்கு இவ்வளவுதானா நம்பிக்கை?

இந்த நேரத்தில் அக்கா பக்கத்தில் இருந்திருந்தால்!

அப்பா சொன்ன அந்த ‘ஒருத்தி’, அக்கா கீதாதான். தானியேலைக் கட்டிக்கொண்டு தென்னேரிக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. போன மறு மாதமே அப்பா ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார். அம்மா அதற்கும் மேலே. ஒரு நாள் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பக்கம் அக்கா நின்றிருந்தாள். அவளிடம் ஓடப் போன சுபாஷ்ரீயை அம்மா கையைப் பிடித்து இழுத்து, கிளம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அது செங்கல்பட்டு பஸ். ஊரைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து அம்மா என்றாலே சுபாஷ்ரீக்கு உள்ளுக்குள் ஒரு கசப்பு.

அக்காவை ஒரே ஒரு தடவை கட்டிக்கொண்டால் போதும். ஒன்றும் பேசக்கூட வேண்டாம்.

டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்ததும் கோவிந்தம்மாள் சொன்ன முதல் வார்த்தையே சுபாஷ்ரீயைத் திகைக்க வைத்தது.

“இவ கழுத்தப் பாருங்கம்மா.”

டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நாடி பிடித்தார். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது படபடவென்று ஆடியது.

“ரத்தம் குடுத்துட்டுப் போங்க. நாளன்னிக்கு வாங்க.”

சொன்ன நாளில் மறுபடி போனார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்குது. நோயை விரட்ட வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம அந்தச் சுரப்பியைப் போட்டுத் தூண்டிக்கிட்டு இருக்கு. ரத்தத்துல அதுக்கான அடையாளமும் தெரியுது. இளைப்பு, நடுக்கம், படபடப்பு, கோபம் எல்லாம் அதனாலதான்.”

“காதல் இல்லன்னு எங்க நைனாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டர்” என்றாள் சுபாஷ்ரீ.

டாக்டர் சிரித்துவிட்டார். “இது ஏன் வருதுன்னு ஒரே காரணமாச் சொல்ல முடியாதும்மா. ஆனா குடும்பத்துல ஓடறது உண்டு. ரத்த சொந்தத்துல வேற யாருக்காவது இருக்கா?”

“யாருக்கும் இல்ல” என்றாள் கோவிந்தம்மாள்.

“கூடப் பொறந்தவங்களுக்கு?”

“இவ ஒரே பொண்ணு. கார்டுல நாங்க மூணு பேருதான்.”

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று சுபாஷ்ரீ கத்தலாம்தான். ஆனால் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாதே! தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி, ஒரு மாத்திரை எழுதறேன். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. லட்சத்துல ஒருத்தர்னு சொல்ல மாட்டேன், ஆயிரத்துல ரெண்டு மூணு பேருக்கு ஒத்துக்காம போகலாம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா மாத்திரையை நிறுத்திட்டு ஒடனே…”

கோவிந்தம்மாள் எழுந்தே விட்டாள். எழுதிக்கொண்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத எழுதாதீங்கம்மா! என் பெரிய பொண்ணுக்கும் இதே நோவுதான். அந்த மாத்திரையப் போட்டுத்தான் தொண்ட புண்ணாயி, காச்சல் கண்டு, ரத்தத்துல வெள்ள அணுவே இல்லன்னுட்டாங்க. பத்து நாளு ஆஸ்பத்திரில கெடந்தா. நான்தான் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருந்தேன்.”

சுபாஷ்ரீ நிமிர்ந்தாள். போன ஆடியில், தாமலில் சின்னம்மாவுக்குக் கால் முறிந்துவிட்டது என்று அம்மா பத்து நாள் போயிருந்தாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “நல்ல வேளை சொன்னீங்க. வேற வழி பாக்கலாம். ஆனா, ஏம்மா, ஒரே பொண்ணுன்னீங்களே?”

கோவிந்தம்மாள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடமே சொன்னாள்:

“அப்பிடிச் சொல்லச் சொன்னதே அவதாம்மா. ‘என்னால தங்கச்சிக்கு வர்ற எடம் தட்டிப்பூடக் கூடாது. அவ கல்யாணம் முடியற வரைக்கும் எனக்கும் அவளுக்கும் ஒறவே இல்ல’ன்னு, ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் என் கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினா.”