விட்டுப்போன சந்தா

"நன்கொடைங்கற வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துது, இந்தக் கத்திரியாலேயே நாக்கை நறுக்கிடுவேன்" என்றாள் டூஃபியே.

கானா நாட்டுக் குமாசி சந்தையில் அச்சுத்துணி விற்கிறவள். சொன்னதோடு நிற்காமல், கத்திரியை ஒருமுறை திறந்து மூடியும் காட்டினாள்.

பொகுவா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முரசுக்குழு என்று ஊரார் சொல்லும் சின்னக் கலை மன்றத்துக்கு அவள்தான் செயலாளர். கொடுத்துக்கொண்டிருந்து நிறுத்திவிட்ட முப்பத்தொரு பேரின் பட்டியலோடு ஒரு மாதமாகப் படியேறி இறங்குகிறாள். மன்றத்தின் கூரை பாதி ஒழுகுகிறது. பட்டியலில் முதல் பெயர் டூஃபியே.

இன்று இவளை விட்டு எழுந்திருக்கக் கூடாது. காலையிலிருந்து பொகுவாவின் மண்டைக்குள் அது ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது.

"குடிக்கத் தண்ணி கூடக் கொடுக்கலையேன்னு பாக்கறியா? தண்ணி கொடுத்தா, என்ன சேதியா வந்தேன்னு கேட்டாகணும். உன் சேதிதான் எனக்கே மனப்பாடமாச்சே!"

"பரவாயில்லக்கா."

ஒருத்தி வந்து நீலப்பூத் துணி ஆறு கஜம் என்ன விலை என்றாள். டூஃபியே அவளை இரண்டு தடவை போகவிட்டு, மூன்றாம் தடவை கூப்பிட்டு, தான் நினைத்த விலைக்கே தலையில் கட்டி அனுப்பினாள். திரும்பிப் பார்த்தால் பொகுவா அதே முக்காலியில் அதே மாதிரி இருந்தாள்.

"போகமாட்டே போலிருக்கே. சரி, மாசம் எவ்வளவு எதிர்பாக்கறே?"

"உங்க இஷ்டம்க்கா."

"ஐம்பது."

"சரிக்கா."

"என்னடி சரி? முன்னூறு கொடுத்துட்டிருந்தவ நான். ஐம்பதுன்னா சண்டைக்கு வர வேண்டாமா? இருபது!"

"சரிக்கா."

டூஃபியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "துணி கொண்டு வர்ற லாரிக்காரன் உன்னை மாதிரி இருந்திருந்தா, நான் இந்நேரம் மூணு மாடி வீடு கட்டியிருப்பேன்."

துணி அடுக்கின் மேல் கிடந்த போன் அடித்தது. டூஃபியே கை நீட்டுவதற்குள் பொகுவாவின் கை அதன்மேல் இருந்தது.

"அப்புறம் எடுங்கக்கா. நான் பேசி முடிச்சிடறேன்."

"நீ எங்கடி பேசினே இதுவரைக்கும்?"

போன் அடித்து ஓய்ந்தது. டூஃபியே தோளைக் குலுக்கினாள்.

"போகட்டும். எனக்கும் இந்தச் சனியனைக் கண்டா ஆகாது. நீங்களும் இதுலதானே கையேந்த ஆரம்பிச்சீங்க? 'அன்பு நண்பரே'ன்னு ஒரு மெசேஜ். யாருடி உனக்கு நண்பர்? எங்க வீட்டுல கல்யாணமாகட்டும் சாவாகட்டும், பெரியவங்க நேர்ல வந்து உட்கார்ந்து சொல்லுவாங்க. உங்களுக்கு இந்தச் சந்து வரைக்கும் நடந்து வரக் காலு வலிச்சுது."

"தப்புதான்க்கா."

"அதனால மட்டும்தான் நிறுத்தினேன்னு நினைச்சுக்காதே." கத்திரியைக் கீழே வைத்தாள். மூன்று வருஷமாக யாரிடமும் பேசாத பேச்சு இது. "ஒரே பொண்ணு. கடையில உட்காருடி அச்சியான்னா, உங்க பின்னாடி முரசடிக்க வந்துட்டா. பொம்பளை தொடற சாமானா அது? நான் கொடுத்த காசுல வாங்கின முரசு, என் பொண்ணையே கூட்டிட்டுப் போயிடுச்சு."

பொகுவா முக்காலியை அவள் பக்கம் இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

"எங்க இருக்கா இப்போ?"

"நேத்து வெளியூர்ல நிகழ்ச்சி. விடியக்காலம் குழுவோட வேன்ல ஊருக்குத் திரும்பக் கிளம்பினாக்கா."

"நல்லா அடிக்கறாளா?"

"அவ கை மாதிரி ஒரு கை எங்க குழுவுக்கு வந்ததே இல்லக்கா."

டூஃபியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே நேராக இருந்த துணி அடுக்கை மறுபடி நேராக்கினாள்.

"எனக்குத் தெரியாதா என்ன? போன மாசம் ஒரு சாவு வீட்டுல அவ அடிக்கறப்போ தூண் மறைவுல நின்னு பாத்தேன். அவகிட்ட போய்ச் சொல்லி வைக்காதே."

"சொல்லமாட்டேன்க்கா."

இடுப்பு முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை எடுத்து நீட்டினாள். "இந்தா, முன்னூறு. ரசீதை அச்சியா பேர்ல போடு."

பொகுவாவின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"ஐம்பதுக்கும் இருபதுக்கும் சரி சொன்னவளுக்கு முன்னூறு கசக்குதா? பிடிடி!" நோட்டுகளை அவள் மடியில் போட்டாள். "அவளை ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. நானே கிழங்கை இடிச்சு ஃபுஃபு பண்றேன். அந்த முரசையும் வேணும்னா தூக்கிட்டு வரட்டும். மூலையில ஒரு பக்கமா இருந்துட்டுப் போகுது."

சந்தின் முனையில் கூட்டம் தானாக விலகியது. டூஃபியேயின் அண்ணன் வந்துகொண்டிருந்தார். பின்னால் அவர்கள் குடும்பத்துப் பெரியவர்கள் இரண்டு பேர். மூன்று பேரும் சாவுக்குப் போர்த்துகிற கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள்.

டூஃபியேயின் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. பொகுவா முக்காலியை விட்டு எழுந்து அவளோடு ஒட்டி நின்றுகொண்டாள். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது கொஞ்சல்? அதான் உன் சந்தா வந்துடுச்சே, கிளம்பு."

"நான் சந்தாவுக்கு வரலக்கா. பெரியவங்க வர்ற வரைக்கும் உங்களைத் தனியா விடாதேன்னு அனுப்பினாங்க."