லேத் ரப்பர்

"போன ஞாயித்துக்கெழமைக்கும் இன்னிக்கும் வித்தியாசம் தெரியுதா, இல்லியா?" என்று கேட்டார் கோவிந்தப்பன்.

தான் வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனியில் லேத் மெஷின் அதிராமலிருக்க அடியில் வைக்கும் ரப்பர் பேடுகளைக் கேட்டு வாங்கிவந்து, திங்களன்றே தன் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தார். பெட்டிகளின் மேல் மனைவி சரோஜம்மாள் பின்னிய உறை தரைவரை தொங்கியது.

"ரப்பர் வெச்சா பாட்டு மாறிடுமா?" என்று வாரம் முழுக்க கேன்டீனில் கிண்டலடித்த திம்மப்பன், இப்போது கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டார்.

"தெரியுதுப்பா. போன வாரம் ஒரே கடகடன்னு இருந்துச்சு. இன்னிக்குத் தபலா தனியா கேக்குது. நாளைக்கு கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்."

கோவிந்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

"சரோஜா, கேட்டியா? நீயும்தான் நம்பல!"

சரோஜம்மாள் மாவுக் கையோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்ப நம்பறேங்க. அருமையான ரப்பரு. காலையில உங்க பெட்டிக்கு அடியிலிருந்து உருவி, கிரைண்டருக்கு அடியில வெச்சேன். அரை மணி நேரமா மாவு ஆட்டறேன், உங்க ரெண்டு பேருக்கும் சத்தம் கேட்டுச்சா?"