தங்கமான ஆம்ப்ளிஃபயர்

கல்யாணப் பந்தலில் புது ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஸ்பீக்கர்களை இணைத்தார்கள். அது உற்சாகமாகப் பாடியது. சத்தம் போதவில்லையென்று அதிலேயே இன்னும் நான்கைக் கோத்தார்கள். அதற்கு உடம்பு கொதித்தது.

"ரெண்டுதான் என்னால முடியும். இது அநியாயம்!" என்று கத்தியது.

"ரொம்பத்தான் அலுத்துக்கிறியே! உனக்கு முன்னாடி இருந்தவன் ஆறையும் வாயே திறக்காம இழுத்தான். தங்கமானவன்!" என்றது பக்கத்தில் இருந்த சவுண்ட் மிக்ஸர்.

"அந்தத் தங்கம் இப்ப எங்க?"

மிக்ஸர் மெல்லக் கீழே பார்த்தது. ஆடாமல் இருக்க அதன் அடியில் முட்டுக் கொடுத்திருந்ததே, உள்ளே கருகிப்போன அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரைத்தான்.

"நீ அவன் தலைமேல உட்கார்ந்திருக்கே. என் தலை உனக்குக் கிடைக்காது," என்ற புது ஆம்ப்ளிஃபயர், சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது.

நான்கு ஸ்பீக்கர்களையும் கழற்றும்வரை அதுவும் வாயே திறக்கவில்லை.