அஷ்டமிப் படகு

"அஷ்டமியில எவனாச்சும் கடலுக்குப் போவானா? அந்தப் படகுக்கார பாய்க்குத்தான் நல்ல நாள், கெட்ட நாள் கிடையாது. உனக்குமா?"

ராக்காயி புருஷனை வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள்.

பழனியாண்டிக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தாலே அவன் பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து ரப்பர் தோட்டத்தில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்திலோ, தண்ணீர் வற்றும்போது ஒரு மணல் திட்டு எழும்பும். தோண்டினால் மட்டிச் சிப்பி கிடைக்கும்.

அதற்கு நல்ல நாள் அமாவாசை. அன்றைக்குத்தான் திட்டு முழுசாய் வெளியே தெரியும். இது செமிலிங் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். படகுக்கார ஜபருல்லாவுக்குத் தெரியாதா என்ன?

அவரோ பிடிவாதமாய் நின்றார். "இன்னிக்கே வாங்க லா. ஆம்பளைங்க மட்டும் போதும். கிடைக்கிறதுல பாதி எனக்கு."

"பாதி வேணுமாம்! மனுஷனுக்கு ஆசையைப் பாரு" என்று முணுமுணுத்தபடியே எட்டுப் பேர் படகில் ஏறினார்கள். பசி ஏற்றிவிட்டது.

திட்டு அன்று நாலு பாய் விரிக்கிற அகலம்தான் இருந்தது.

"தண்ணி ஏறுறதுக்குள்ள வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ஜபருல்லா படகைத் திருப்பினார்.

வரவில்லை.

மட்டி அரை வாளிகூடத் தேறவில்லை. தண்ணீர்தான் ஏறியது. முதலில் பாதத்தை நனைத்தது. பிறகு கணுக்கால் மறைந்தது. காலடியில் மணல் கரைந்து கரைந்து நழுவியது. எட்டுப் பேரும் ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவர்கள். ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது.

"அண்ணே, பாய் நம்மளத் தீர்த்துக் கட்டிட்டாரு." பரஞ்சோதி பழனியாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன்தான் அவர்களில் இளையவன். "ஜப்பான்காரன் முகாமுக்கு மீன் கொண்டுபோறவர்தானே? அவன் சொல்லித்தான் நம்மள இங்க தள்ளிட்டாரு."

"வாயை மூடுடா!" பழனியாண்டி அதட்டினான்.

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. எட்டுப் பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிக்கொண்டு நின்றார்கள். யாரோ முனீஸ்வரனைக் கூப்பிட்டார்கள். யாரோ வாய்விட்டு அழுதார்கள். ராக்காயி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று பழனியாண்டி தன்னையே நொந்துகொண்டான். பிள்ளையின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஜபருல்லாவை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தான்.

முழங்காலோடு தண்ணீர் நின்றது. இப்போது ஏறும், இப்போது ஏறும் என்று பயந்தே பொழுது போனது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

வெயில் சாயும்போதுதான் படகு வந்தது. பழனியாண்டி பாய்ந்து ஜபருல்லாவின் சட்டையைப் பிடித்தான்.

"செத்துத் தொலையட்டும்னுதானே விட்டுட்டுப் போனீரு?"

ஜபருல்லா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"தோட்டத்துக்கு லாரி வந்துச்சு தம்பி. சயாம்ல ரயில் பாதை போடுற வேலைக்கு. லயத்து வீடுகள்ல இருந்த ஆம்பளைங்க அத்தனை பேரையும் ஏத்திட்டான். ரப்பர் காட்டுக்குள்ள ஓடினவங்களையும் துரத்திப் புடிச்சான். இப்பத்தான் போனான்."

சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பி வந்ததில்லை.

"பயப்படாத. பொம்பளைங்க, புள்ளைங்க மேல கை வைக்கல" என்றார் ஜபருல்லா. "லாரி வர்ற சேதி முகாம்ல காதுல விழுந்துச்சு. உடனே பிறையைத்தான் பார்த்தேன். பாதி நிலா. பாதி நிலாவுல கடல் பெருசா வத்தாது, பெருசா ஏறவும் ஏறாது. முழங்காலோட நிக்கும். அமாவாசையா இருந்தா உங்கள இங்க விட்டிருக்கவே மாட்டேன். தலைக்கு மேல போயிருக்கும்."

சட்டையைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. பழனியாண்டிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பரஞ்சோதிதான் வெடித்தான். "எங்கண்ணன் லயத்துல படுத்திருந்தானே பாய்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஜபருல்லா குனிந்து துடுப்பை எடுத்தார்.

"சொல்லியிருந்தா தோட்டமே கரையில வந்து நின்னிருக்கும் தம்பி. என் படகு எட்டுப் பேரைத்தான் தாங்கும். மிச்சப் பேரோட மூஞ்சியப் பார்த்துக்கிட்டே துடுப்புப் போட எனக்குத் தைரியம் இல்ல."