டிரம்மில் கலந்தது

சாக்கை விலக்கினாள்.

மோட்டார் ரூம் ஓரமாக நின்ற நீல பிளாஸ்டிக் டிரம். உள்ளே வெளுத்த தண்ணீர். பூச்சிமருந்து கலந்தால் அப்படித்தான் வெளுக்கும்.

முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு இடுப்புக் குடத்தை இறக்கினாள்.

அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. கணவன் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போயிருந்தான். எந்த நேரமும் திரும்பலாம்.

குடத்தில் சுண்ணாம்புத் தெளிவு. பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சியதைக் கரைத்து, மேலாக வடித்தது.

ஊற்றினாள். குச்சியால் ஒரு கலக்கு.

சாக்கை இருந்தபடியே மூடினாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

பாகல் பந்தலை ஒட்டி அவளுடைய தேனீப் பெட்டிகள் ஆறு இருந்தன. ஏழாக இருந்தவை.

போன மாதம் வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி கொழந்தவேலு கத்தரிக்கு மருந்தடித்தான். மறுநாள் வேலியோரப் பெட்டியின் வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன.

அவற்றைக் கூட்டி அள்ளியது கணவன்தான். குழி தோண்டிப் புதைத்ததும் அவன்தான்.

அப்படிப்பட்டவன்தான், பாகல் இலையில் வண்டு ஓட்டை போட்டதும் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தான்.

எல்லாம் கொழந்தவேலுவின் வாய்.

"ஏன்டா, மருந்தடிக்கறதுக்கும் ஊட்டுக்காரிகிட்ட உத்தரவு வாங்கோணுமா?"

வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டான். களை வெட்ட வந்தவர்கள் வரை சிரித்தார்கள்.

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "மருந்து கலக்கற பக்கம் நீ வராத" என்றதோடு கணவன் பேச்சை முடித்துவிட்டான்.

அப்போதுதான் தேனீ வளர்ப்புப் பயிற்சியில் பாடம் எடுத்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. மண்ணில் விழுந்த மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். வெயிலும் அதை உடைக்கும். இரண்டுக்கும் நாளாகும். சுண்ணாம்புத் தண்ணீரில் கலந்து வைத்துவிட்டாலோ, விடிவதற்குள் பாதிக்கு மேல் வீரியம் போய்விடும். அப்படி வீணாக்கிவிடாதீர்கள் என்று சொன்னார்.

எச்சரிக்கையாகத்தான் சொன்னார். அவள் அதை வழியாக எடுத்துக்கொண்டாள்.

பாதி போகும், சரி. மீதி?

படுத்தும் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் கணவன் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தான். மூக்குக்கு ஒரு துண்டுகூடக் கட்டவில்லை. சீட்டி வேறு.

"ஏனுங்க, மூஞ்சிக்காவது துணி கட்டுங்க!"

"ஒண்ணும் ஆவாது போ!" என்றவன், வேலிப்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். "கடுமையான மருந்து! ஒரு வண்டு தப்பாது!"

வேலிக்கு அப்பால் கொழந்தவேலு திருப்தியாகத் தலையாட்டினான்.

அவள் காற்றை முகர்ந்தாள். மருந்தடித்தால் தொண்டை வரை இறங்கும் அந்த அழுகல் பூண்டு நாற்றம் இல்லை. லேசான புளிப்பு மட்டும்.

சுண்ணாம்பு வேலை செய்துவிட்டது!

இருந்தாலும் அன்று பகலெல்லாம் பெட்டிகளை விட்டு அவள் நகரவில்லை. மஞ்சள் மகரந்தத்தைக் காலில் அப்பிக்கொண்டு தேனீக்கள் வந்தன. இறக்கின. மறுபடி போயின.

ஒன்றுகூடச் சுருளவில்லை.

பொழுது சாயும்போதுதான் அவளுக்குப் பசி தெரிந்தது. சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொள்ளப் போனாள். மோர்ப்பானை காலி. முதல் நாளும் இப்படித்தான் காலியாகக் கிடந்தது. அன்றே பூனையை விளக்குமாற்றால் துரத்தியிருந்தாள். மறுபடியும் துரத்தினாள்.

வண்டு கொஞ்சம் தின்றது. பாகல் நிறையக் காய்த்தது. பந்தலுக்குக் கீழே குனிந்துதான் நடக்கவேண்டும், அத்தனை காய்.

"பாத்தியா, மருந்து பேசுது!" என்றான் கணவன்.

"ஆமாங்க" என்றாள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள்.

காய் பறிக்கும் நாளில் சாக்கு எடுக்க மோட்டார் ரூமுக்குப் போனாள்.

பரண்மேல் கை விட்டாள். குளிர்ச்சியாய் ஏதோ தட்டுப்பட்டது.

மருந்துப் பாட்டில்.

கழுத்துவரை நிறைந்திருந்தது. மூடியில் சீல்கூட உடையவில்லை.

பக்கத்தில் அவளுடைய சமையலறைச் செம்பு. தொலைந்துபோனதாக நினைத்தது. உள்ளே வெள்ளையாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

புளித்த மோர்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பூச்சி விரட்ட அவன் ஊற்றிய புளிப்பில் போய் அவள் சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறாள். ஒன்றை ஒன்று தின்றிருக்கும். பந்தலுக்குப் போனது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்!

அதைத்தான் வேலி கேட்கக் கத்தினானா, கடுமையான மருந்து என்று?

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

பாட்டிலைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வீட்டுக்குப் போய்ப் பூனைக்குக் கிண்ணம் நிறையப் பால் வைத்தாள். அது நம்பாமல் தள்ளி நின்று பார்த்தது.

அடுத்த தெளிப்புக்கு முந்திய சாயங்காலம். வேலியோரம் கொழந்தவேலு வழக்கம்போல் நின்றிருந்தான்.

"மருந்து கலக்கப் போறேன்!" கணவன் முற்றத்திலிருந்து முழங்கினான். "அந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது!"

"நானெதுக்குங்க வரப்போறேன்?" என்றாள் அவள்.

சுண்ணாம்புச் சட்டியை எடுக்கவில்லை.

அடுக்களையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். மோட்டார் ஓடியது. நின்றது. டிரம் மேலிருந்த சாக்கை அவன் உதறும் சத்தம்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

டிரம் பக்கத்தில், தொங்கிய சாக்குக்குப் பின்னால், தட்டு போட்டு மூடிய பானையைப் பார்த்திருப்பான். மூன்று நாளாக அவள் புளிக்கவைத்த மோர்.



அப்புறம் மெல்லச் சீட்டி ஒலி கிளம்பியது.