பதினெட்டாம் தொகுதிப் பிள்ளை

செண்பகவல்லி பள்ளிக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மணி அடித்திருந்தது. யார் யாரோடு சேருவார்கள் என்று பார்க்கும் குணச் சோதனை முடிந்த பிள்ளைகளைத் தனிம அட்டவணை மாதிரியே தொகுதி பிரித்து உட்கார வைத்திருந்தார்கள். அவரவர் தொகுதிக்குள் டப்பாக்கள் கைமாறிக்கொண்டிருந்தன. அவளுடைய ஐந்து வயது மகள் நறுமுகை மட்டும் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் தனியாக இருந்தாள்.

"பாப்பாவுக்குப் பதினெட்டாம் தொகுதி வந்திருக்குங்க. மந்த வாயு மாதிரி, யாரோடயும் சேராத குணம். நாம தொந்தரவு பண்ணக் கூடாதுங்க," என்றார் ஜோஸ்பின் மிஸ், கனிவாகவே.

அந்தக் கனிவுதான் செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் அவள்.

"அந்த அட்டவணையைத்தான் மிஸ் நான் வருஷா வருஷம் நடத்தறேன். அதே பதினெட்டாம் தொகுதியில இருக்கற செனான் வாயுவும் எதோடயும் சேராதுன்னுதான் ரொம்ப நாள் முடிவு கட்டி வெச்சிருந்தாங்க. ஒரு விஞ்ஞானி சேர்த்துப் பார்த்தாரு, சேர்ந்துச்சு. என் பொண்ணை இங்க யாராவது ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

மிஸ் சுவரோரத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பக் கூப்பிடுங்க. நான் பார்க்கறேன்."

மிஸ் தயங்கித் தயங்கி நறுமுகையின் பக்கத்தில் போய்க் குனிந்தார். "கண்ணு, உன் எலுமிச்சை சாதத்துல எனக்குக் கொஞ்சம் தர்றியா?"

நறுமுகை டப்பாவை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மிஸ்ஸின் முகத்தையே பயத்தோடு பார்த்துக் கேட்டாள்:

"நான் குடுக்கலாமா மிஸ்?"