கரண்ட் போகாத ஊர்

"நிலக்கரிச் சுரங்கத்தை மூடிட்டு சோலாருக்கு மாறணும்" என்று ஃபேஸ்புக் குழுவில் மூன்று மணி நேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள் மெர்லின். கணவர் சைமன்ராஜ் சுரங்கத்தில் என்ஜினியர் என்பதால், குழுவில் அவள் வைத்துக்கொண்ட புனைபெயர் 'கோவைக்காரி'.

'திருச்சிக்காரன்' என்றொருவர் மட்டும் விடுவதாக இல்லை. "அடுப்படியில இருக்கிறவங்களுக்கு சயின்ஸ் எதுக்குங்க?" என்று எழுதியவர், அடுத்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஊரெல்லாம் பத்து மணி நேரம் கரண்ட் கட். கோவையில உங்களுக்கு மட்டும் ஒரு தடவைகூடப் போகலியே? கரண்ட் போகாத ஊரு நெய்வேலி டவுன்ஷிப்தான். சுரங்கத்துச் சோத்தைத் தின்னுக்கினே சுரங்கத்தை மூடச் சொல்றீங்களா?"

மெர்லினுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒளிந்து பேசியது போதும்.

"ஆமாங்க, நெய்வேலிதான். பேரு மெர்லின், பிளாக் பதினெட்டு. அந்தச் சோத்தைத் தின்னா கேள்வி கேக்கக் கூடாதா? இனிமே சொந்தப் பேர்லயே கேப்பேன். அது சரி, திருச்சியிலயும் அதே கட்டுதானே? உங்களுக்கு மட்டும் எப்படிங்க கரண்ட் இருக்கு?"

பதிவைப் போட்டாள்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து ஹாலில் 'ஆபீஸ் ரிப்போர்ட்' தட்டிக்கொண்டிருந்த சைமன்ராஜ், லேப்டாப்பைப் பட்டென்று மூடும் சத்தம் கேட்டது.

"மெர்லின்... இன்னைக்குக் காபி நான் போடட்டுமா?"